ஒரே ஊர், நான்கு அடர்த்திகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அதே ஆண்டு அக்டோபரில் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு இணைந்தன. பரப்பு 175 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. அதே கணக்கெடுப்பின் எண்களை விரிந்த எல்லைக்குக் கூட்டி வகுத்தால், அடர்த்தி 16,000-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. வியாசர்பாடியில் ஒரு குடும்பம்கூட வீடு மாறவில்லை. ஆனால் கணக்கில் மட்டும் சென்னை திடீரென்று காற்றோட்டமான ஊராகிவிட்டது.

மொத்த மக்களை மொத்தப் பரப்பால் வகுப்பது பள்ளியில் படித்த முறை. இதில் ஆள் குடியிருக்க முடியாத நிலமும் பரப்பில் சேர்ந்துவிடும். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவும் துறைமுகமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் அப்படித்தான் சேர்கின்றன. எகிப்தைப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சுமார் 10 லட்சம் சதுர கி.மீ. பரப்பு, 10 கோடிக்கு மேல் மக்கள். சதுர கி.மீ.க்கு நூறு சொச்சம் பேர்தான் என்று கணக்கு வரும். ஆனால் நைல் நதிக்கரையையும் கழிமுகத்தையும் விட்டால் பெரும்பகுதி பாலை. விளைநிலத்தால் மட்டும் வகுத்தால் 2,500-ஐத் தாண்டுகிறது. எத்தனை பேருக்கு அந்த மண் சோறு போட வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த எண்தான் வேண்டும்.

நகரங்களுக்கு இதுவும் போதாது. ஒவ்வொன்றும் ஒரு சதுர கி.மீ. பரப்புள்ள இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் 100 பேர், மற்றதில் 900 பேர். சராசரி அடர்த்தி 500. ஆனால் 500 பேர் இருக்கும் ஊரில் யாருமே வாழவில்லை. ஆயிரம் பேரையும் தனித்தனியாக, 'உங்கள் ஊரில் எத்தனை பேர்?' என்று கேட்டால், 900 பேர் 900 என்பார்கள், 100 பேர் 100 என்பார்கள். அந்தப் பதில்களின் சராசரி 820. நிலத்துக்குப் பதிலாக மனிதரிடம் கேட்டு வாங்கும் இந்தக் கணக்கே நிறையிட்ட அடர்த்தி.

அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் இந்த வேறுபாடு தெளிவாக வெளிப்பட்டது. சாதாரணக் கணக்கில், லாஸ் ஏஞ்சலிஸின் நகரப் பகுதியில் சதுர கி.மீ.க்கு சுமார் 2,700 பேர், நியூயார்க்கில் 2,050. அந்நாட்டிலேயே லாஸ் ஏஞ்சலிஸ்தான் முதலிடம்! நியூயார்க்கின் புறநகர்கள் பரந்து கிடப்பதால் வந்த விளைவு இது. நிறையிட்டுப் பார்த்தபோது நியூயார்க் பெருநகரம் சுமார் 12,000-க்கு ஏறியது, லாஸ் ஏஞ்சலிஸ் 4,700-இல் நின்றது. மன்ஹாட்டனில் நடந்து பார்த்தவர்கள் எந்த எண்ணை நம்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நேரத்தையும் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில்தான் எண்ணுகிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெருவில் இறங்கினால், நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். அவர்களில் அந்தத் தெருவாசியாகக் கணக்கில் இருப்பவர் வெகு சிலர். கழிப்பறையும் தீயணைப்பு வண்டிக்கான வழியும் பகல் கூட்டத்துக்குத்தானே வேண்டும்?

வீட்டுக்குள்ளேயும் ஓர் அடர்த்தி உண்டு. அடுக்குமாடியில் மூன்று அறைகளில் நால்வர் வாழலாம், ஓட்டுவீட்டில் ஒரே அறையில் அறுவர் படுக்கலாம். காசநோய் பரவுவதைத் தீர்மானிப்பதில் தெருவின் எண்ணைவிட அந்த அறைக்குள் இருக்கும் எண்ணுக்குப் பங்கு அதிகம். 2011-இல் இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 சதவீதம் ஒற்றை அறையில் வாழ்ந்தன.

அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாநகராட்சிக்கு ஒரே சராசரியோடு நிறுத்தாமல், வார்டுவாரியாக நிறையிட்ட அடர்த்தியையும் அறைக்கு எத்தனை பேர் என்பதையும் அரசு சேர்த்தே வெளியிட வேண்டும். குடிநீர்க் குழாயின் அளவையும் பேருந்துகளின் எண்ணிக்கையையும் அந்த எண்களை வைத்து முடிவு செய்யட்டும்.