முற்றத்து நீரும் செயற்கைப் புல்லும்



சபரகமுவ மாகாணத்தாருக்கு மழையைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். யாழ்ப்பாணத்தில் பெய்வது அதிற் பாதிகூட இல்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லயத்து வாசல் காய்வது அரிது. இஸ்தோப்பை விட்டு இறங்கினால் சேறு. அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடப்போருக்கு எலிக்காய்ச்சல் வரும் அபாயமும் இம்மாவட்டங்களில் உண்டு.

இதற்கு மருந்தாக இப்பொழுது ஒரு பொருளைச் சொல்கிறார்கள். பச்சைச் சுருளாகக் கடைகளில் விற்கப்படும் செயற்கைப் புல்விரிப்பே அது. வீட்டு வாசலிலும் பிள்ளை மடுவத்து விளையாட்டிடத்திலும் அதனை விரித்துவிட்டால் சேறு தீர்ந்துவிடுமா?

இந்த விரிப்பின் பிறப்பைச் சற்று நோக்குவோம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965ஆம் ஆண்டு கூரை வேய்ந்த பெரும் விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடி போன்ற கூரைத் தகடுகள் வழியே வந்த வெயில் ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச் செய்யவே, தகடுகளுக்கு வர்ணம் பூசினார்கள். ஒளியின்றி உள்ளேயிருந்த புல் செத்தது. அதற்கு மாற்றாக 1966இல் விரிக்கப்பட்டதனாலேயே செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றது. மழைத்துளியே விழாத ஓரிடத்தில் பேர் பெற்ற பொருளை நாம் மழை நாட்டு முற்றத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பது நினைவிலிருக்கட்டும்.

விரிப்பின் அடித்துணியில் நீர் இறங்குவதற்கெனச் சிறு துளைகள் உண்டு. துளை வழியே இறங்கிய நீர் எங்கே போகும்? இதுதான் கேள்வி. லயத்து வாசல் தலைமுறை தலைமுறையாக மிதிபட்டுக் களிமண் தளமாக இறுகியது. அதன்மேல் விரிப்பைப் போட்டால் நீர் அடியிலேயே தங்கிப் பாசியும் நாற்றமும் பிடிக்கும். முன்பு கண்ணுக்குத் தெரிந்த சேறு இப்பொழுது மறைந்திருக்கும், வேறுபாடு அவ்வளவே.

ஆகையால், நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். லயமொன்றின் தகரக் கூரை 200 சதுர மீற்றர் என்று கொள்வோம். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 20,000 லீற்றர் நீர் அக்கூரையிலிருந்து மட்டும் வடியும். பீலி இல்லாத கூரையானால் அதிற் பாதி நேரே வாசலில் விழுகிறது. இதற்கும் மேலாக, சரிவை வெட்டிக் கட்டிய லயங்களுக்குப் பின்னாலிருக்கும் மலையிலிருந்து இறங்கி வரும் நீர் உண்டு. பெரும்பாலும் முதற் குற்றவாளி அதுவே.

இந்நீரை மறிக்கும் வித்தை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. தேயிலை மலையில் கான் வெட்டியவர்கள் அவர்களே. சரிவுக்குக் குறுக்காக, ஏறத்தாழ 120 அடிக்கு ஓரடி என்ற மெல்லிய வாட்டத்தில் செல்லும் அக்கான்களினுள்ளே இடையிடையே சிறு மண் அணைகளை விட்டுவைப்பதும் உண்டு. கரைந்து வரும் மண் அணைக்குப் பின்னால் படிய, நீர் மேலால் வழிந்தோடும். தேயிலையின் வேர்மண்ணைக் காப்பதற்கு இத்தனை அக்கறை காட்டப்பட்டது. அதே அக்கறை லயத்தின் பின்புறத்துக்கு எல்லாத் தோட்டங்களிலும் காட்டப்பட்டதென்று சொல்வதற்கில்லை.

லயத்துக்கு மேலே வெட்டும் கானில் ஒரு வேறுபாடு உண்டு. அதில் அணை கூடாது. நீரைத் தேக்காமல், கல் பதித்து, லயத்தின் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோய்ப் பாறையோ ஓடையோ உள்ள இடத்தில் விடவேண்டும். கீழ் லயத்து வாசலில் விடுவது தீர்வாகாது. அதனால் சண்டைதான் வளரும். சமதரை ஊர்களிற் செய்வதுபோல் குழி தோண்டிச் சல்லி நிரப்பி நீரை நிலத்துள் இறக்குவதும் சரிவில் ஆபத்து. மண்ணுக்குள் இறங்கிய நீரே சரிவை இளக்குவது. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனதை நாம் மறக்கவில்லை. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பொன்றும் மண்ணுள் புதைந்தது.

அடுத்தது வாசல். கூரைக்குப் பீலி பொருத்திய பின், சுவரிலிருந்து வெளிநோக்கிப் பத்தடிக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறையாத வாட்டம் கொடுக்கவேண்டும். தாழ்ந்த விளிம்பில் ஓரடி அகலத்தில் வெட்டிய கானிலே துளையிட்ட குழாயை வைத்து, மண் புகாதபடி வடிதுணி சுற்றி, சல்லி நிரப்பி, வெளிக்கானுடன் இணைக்கலாம். ஆங்கிலத்தில் இதனைப் ‘பிரெஞ்சுக் கான்’ என்பர். பிரான்சு நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1859இல் வயல் வடிகால் பற்றி நூலெழுதிய ஹென்றி பிரெஞ்ச் என்னும் அமெரிக்கரின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இவ்வளவும் செய்து, நான்கு அங்குலச் சல்லியை இறுக்கிப் பரப்பி, அதன்மேல் விரித்தால் செயற்கைப் புல் நன்றாகவே நீரை வடிக்கும். ஆனால் வேலையைச் செய்வது சல்லியும் வாட்டமும். அவை அமைந்த முற்றத்தில் அறுகம்புல்லும் தானே வளரும். நிழல் விழுந்து, நாள்தோறும் குழந்தைகள் மிதித்துப் புல் நிலைக்காத பிள்ளை மடுவத்துக்கு மட்டும் விரிப்பு ஒருவேளை பொருந்தலாம். அங்கும் வெயிலில் அது சுடும்; தேயத் தேயப் பிளாஸ்டிக் துகள்கள் ஓடையில் சேரும். இத்தகைய விரிப்புகளில் நிரப்பும் பிளாஸ்டிக், இறப்பர்த் துகள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2031 முதல் தடை விதித்திருக்கிறது.

விரிப்பை ஒரு குடும்பம் வாங்கிவிடலாம். லயத்துக்கு மேலுள்ள கானை ஒரு குடும்பம் வெட்ட இயலாது. அந்நிலமும் அவர்கள் கையில் இல்லை. 1992 முதல் பெருந்தோட்டங்களிற் பெரும்பாலானவற்றைக் கம்பனிகள் நிர்வகித்து வருகின்றன. ஆகையால் லயத்தார் ஒன்றுகூடித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டியது முதலில் அந்த மேற்கானையே. பெருமழை ஒன்று பெய்யும்போதே நீர் இறங்கும் வழிகளைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தால் கோரிக்கைக்கு வலு உண்டு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பையும், 100 ஆனால் ஆயத்தத்தையும், 150 ஆனால் வெளியேற்றத்தையும் குறிக்கும் அளவுகளை வகுத்துள்ளது. மழையின்போது கானில் தெளிவாக ஓடிய நீர் திடீரெனக் கலங்கினாலோ, ஓடிய நீர் காரணமின்றி நின்றுபோனாலோ, பின்சுவரருகே புதிய வெடிப்புத் தோன்றினாலோ, அளவை எதிர்பாராமல் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே லயத்தை விட்டு அகலவேண்டும்.