'நான்தான் ரவுட்டர்!' - வைஃபையில் நடக்கும் ஆள்மாறாட்டம்... தடுப்பது எப்படி?

காபி ஷாப், லாட்ஜ், ஹாஸ்டல் என எங்கே போனாலும் நாம் முதலில் கேட்பது, "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்பதைத்தான். அதே பாஸ்வேர்டு பக்கத்து டேபிளில் இருப்பவரிடமும் இருக்கிறது. அவர் நினைத்தால், உங்கள் போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட முடியும். இதற்குப் பெயர் 'ஏ.ஆர்.பி ஸ்பூஃபிங்'.

எப்படி நடக்கிறது?

அபார்ட்மென்ட் வாசலில் நின்று, "12-ம் நம்பர் வீடு யாருங்க?" என்று குரல் கொடுக்கிறார் கூரியர்காரர். யாரோ ஒருவர் "நான்தான்" என்று கைநீட்ட, விசாரிக்காமல் பார்சலைக் கொடுத்துவிடுகிறார். வைஃபைக்குள் நடப்பதும் இதேதான்.

தகவலை அனுப்பும் முன் உங்கள் போன், "ரவுட்டரின் ஐ.பி முகவரி யாருடையது?" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். ரவுட்டர் தன்னுடைய 'மேக்' முகவரியைச் சொல்லும், போன் குறித்துக்கொள்ளும். இந்த ஏ.ஆர்.பி முறை வகுக்கப்பட்டது 1982-ல். பதில் சொல்வது யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

ஹேக்கருக்கு இந்த ஓட்டை போதும். போனிடம் "நான்தான் ரவுட்டர்" என்பார். ரவுட்டரிடம் "நான்தான் அந்த போன்" என்பார். அதன்பின் எல்லாத் தகவலும் அவருடைய லேப்டாப் வழியாகத்தான் போய் வரும். பக்கங்கள் வழக்கம்போலத் திறப்பதால் நமக்குச் சந்தேகமே வராது.

பேங்க் பாஸ்வேர்டு போய்விடுமா?

பதற வேண்டாம். 'ஹெச்.டி.டி.பி.எஸ்' என்று தொடங்கும் தளங்களில் தகவல் பூட்டப்பட்டே போகிறது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். உள்ளே டைப் செய்வது தெரியாது. அந்தப் பூட்டை ஏமாற்ற, ஹேக்கர் போலிச் சான்றிதழைக் காட்டிப் பார்ப்பார். அப்போதுதான் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரிக்கும். அவசரத்தில் 'பரவாயில்லை, தொடரலாம்' என்று தட்டினால், கதவைத் திறந்துவிடுவது நாம்தான்!

என்ன செய்யலாம்?

* அந்த எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.
* பேங்க், யு.பி.ஐ வேலைகளுக்குப் பொது வைஃபை வேண்டாம்.
* போன், பிரவுசர், ஆப்களை அப்டேட் செய்துவிடுங்கள்.
* வீட்டுக்கு வருபவர்களுக்கு 'கெஸ்ட் வைஃபை' கொடுங்கள். ரவுட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
* கடை வைத்திருப்பவர்கள் பில்லிங் கம்ப்யூட்டரை வாடிக்கையாளர் வைஃபையில் இணைக்கக் கூடாது. ரவுட்டரில் 'கிளையன்ட் ஐசோலேஷன்' வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். ஒரு போன் இன்னொரு போனை நெருங்க முடியாது.
* அலுவலகங்களில் 'டைனமிக் ஏ.ஆர்.பி இன்ஸ்பெக்‌ஷன்' உள்ள ஸ்விட்ச் பயன்படுத்தலாம். யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியலுடன் ஒப்பிட்டு, பொய்ப் பதிலை அதுவே தடுத்துவிடும்.

இதையும் மீறிப் பணம் பறிபோனால், தாமதிக்காமல் வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள்; 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள்.