சென்னைத் தொலைக்காட்சியின் வேர்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது தூர்தர்ஷன் தனி அமைப்பு அல்ல; அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1-ல்தான் அது தனியே பிரிந்தது. உள்ளூர் மக்களுக்கு உள்ளூர் மொழியில் பயன்படப் பேசுவது என்ற பாடத்தை அது தாய்வீடான வானொலியிலிருந்தே எடுத்துச் சென்றது. ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சி அதற்குச் சான்று. உழவுத் தொழிலின் நுட்பங்களை உழவருக்குப் புரியும் தமிழில், கண்ணால் பார்த்துக் கற்கும்படி அது காட்டியது.

மக்கள் கூடியது வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டுக்குத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே வந்து தரையில் உட்கார்ந்தது. மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து “தெரியுது, தெரியுது” என்று குரல் கொடுத்தார்கள். ஆனால், அவர்களை இழுத்ததும் தமிழ்தானே! 1982-ல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தேசிய ஒளிபரப்பு வந்த பிறகு, வட்டார நிலையத்தின் தமிழ் நேரத்துக்கு மதிப்பு கூடியது. பின்னாளில் ‘பொதிகை’யான அந்த அலைவரிசையின் பெயர் 2024 முதல் ‘டிடி தமிழ்’. பெயர்கள் மாறலாம், ஒரு வட்டார நிலையத்தின் வேர் அதன் மொழிதான்.