பெட்டியில் இருக்கும் 15 இலக்கங்கள்

மாத்தளை திருகோணமலை வீதியிலோ தம்புள்ளை நகரிலோ புதிய போன் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பார், கமராவைப் பார்ப்பார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணையும் (போனின் அடையாள எண்) கட்டாயம் பார்க்க வேண்டும்.

வானொலி அலைகளை அனுப்பும் கருவி எதுவானாலும், போனோ வோக்கி டோக்கியோ, அதை நினைத்தவர் நினைத்தபடி விற்க முடியாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், விற்பவருக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் தேவை. கருவியின் மாதிரிக்கும் அங்கீகாரம் வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? பண்பலை வானொலி 108 மெகாஹேர்ட்ஸில் முடிகிறது. விமானச் சேவைக்கான அலைவரிசைகள் அங்கேயே தொடங்குகின்றன. தரமற்ற ஒலிபரப்புக் கருவியின் அலை எல்லை தாண்டிக் கசிந்தால், விமானியின் காதில் இரைச்சல் விழலாம்.

பெட்டியில் உள்ள ‘சி.ஈ.’ முத்திரையை நம்பிவிடுகிறவர்களும் உண்டு. அது, கருவி ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று உற்பத்தியாளர் தரும் உறுதி மட்டுமே. இலங்கை அங்கீகாரத்துக்கு ஈடாகாது.

2025 ஜனவரி இறுதிக்குப் பின் புதிதாக இணையும், ஐ.எம்.ஈ.ஐ. எண் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்படாத போன்களுக்கு சிம் சேவை கிடைக்காது என ஆணைக்குழு அறிவித்தது. முன்பே பாவனையில் இருந்தவற்றுக்கு விலக்கு உண்டு. ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டக் குடும்பமொன்று மாதக்கணக்கில் சேமித்து வாங்கும் போன் வலையமைப்பில் இணையாவிட்டால், அது பெரிய இழப்பு.

பதிவைச் சரிபார்ப்பது எளிது. *#06# அழுத்தினால் எண் திரையில் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். பணம் கொடுக்குமுன், கடையிலேயே இதைச் செய்துவிட்டு, பற்றுச்சீட்டிலும் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.