நாற்காலிக்குப் பின்னால் ஒருவன்

மனிதனுக்கு வயதாகத் தொடங்குவது எப்போது? கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் சொன்ன விடை: 24. அந்த வயதிலேயே இறக்கம் ஆரம்பமாகிவிடுகிறது என்று கட்டுரைத் தலைப்பிலேயே போட்டு உடைத்திருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுக்கூடம் 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்ற வீடியோ கேம்.

அது ஒரு போர் விளையாட்டு. சதுரங்கம் போல ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவது கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கனிமம் சேர்க்க வேண்டும், படை திரட்ட வேண்டும், வரைபடத்தின் இன்னொரு மூலையில் எதிரி என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் எந்தக் கணத்தில் கொடுக்கப்பட்டது என்பது ஆட்டத்தின் பதிவில் அப்படியே இருக்கும். 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் பதிவுகளை அலசினார்கள். கண் பார்த்ததைக் கை செய்ய வேண்டும் என்பார்களே, அந்தக் கண்ணுக்கும் கைக்கும் இடையிலான நேரத்தைத்தான் அளந்தார்கள். திரையில் ஒரு புதிய இடத்துக்குப் போனதற்கும் அங்கே முதல் கட்டளை இட்டதற்கும் நடுவில் எவ்வளவு தாமதம்? 24-ஐத் தாண்டியதும் அது மெல்ல நீளத் தொடங்கியது. கைதேர்ந்தவர்களுக்கும் விலக்கு இல்லை.

"முன்பெல்லாம் விடிய விடியத் துப்பாக்கி கேம் ஆடுவேன், இப்போது பிடிப்பதில்லை, விரல் ஓடுவதில்லை" என்று புலம்பும் என் வயதுக்காரர்களுக்கு இது வாகான சாக்கு. நான் அதை ஏற்பதில்லை. அதே ஆய்வுக்கு மறுபாதி ஒன்று உண்டு. இளையவர்களோடு சரிக்குச் சரி நின்ற மூத்தவர்கள் எளிமையான வியூகங்களைத் தேர்ந்துகொண்டார்கள், கேம் தரும் வசதிகளைத் திறம்படப் பயன்படுத்தினார்கள். வேகத்தில் விட்டதைச் சூதானத்தில் பிடித்தார்கள். 'ஃபேக்கர்' என்று உலகம் அறிந்த கொரிய ஆட்டக்காரர் லீ சாங்-ஹ்யோக் 2013-இல் 17 வயதில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல், 28 வயதில், மறுபடியும் வென்றார். இறுதிப் போட்டியின் நாயகனும் அவரே. நொடியின் ஒரு சிறு பங்கு தாமதமாவது தொழில்முறை ஆட்டக்காரரைப் பாதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஆடுகிறவரின் ரசனையையே அது புரட்டிப் போட்டுவிடுமா?

விரலுக்கு முன்பே தளர்வது வேறொன்று: அடுத்தவனை ஜெயிக்க வேண்டும் என்கிற வெறி. விளையாட்டு உளவியல் ஆய்வாளர் நிக் யீ இணைந்து தொடங்கிய 'குவாண்டிக் ஃபவுண்ட்ரி' நிறுவனம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஏன் விளையாடுகிறீர்கள் என்று கேட்டு, விடைகளைப் பன்னிரண்டு வகை உந்துதல்களாகப் பிரித்தது. வயதோடு மிக வேகமாக வடிந்தது போட்டி மனப்பான்மை. இளம் வயதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இந்த விஷயத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. 45 வயதை ஒட்டி அதுவும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எடுத்ததை முழுதாக முடித்துப் பார்க்கும் ஆசையும் எல்லாவற்றையும் சேகரித்துவிடும் ஆசையும் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. கேண்டி க்ரஷில் ஆயிரமாவது லெவலைத் தாண்டிய அத்தைகளைக் கேட்டால் தெரியும்.

போட்டி வெறி ஏன் வடிகிறது? எனக்குக் கிடைத்த சுவாரசியமான துப்பும் ஒரு வீடியோ கேமிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அது. கார் ஓட்ட வேண்டும். சிக்னலில் மஞ்சள் விளக்கு எரியும். தொடர்ந்து போகப் போகப் புள்ளிகள் சேரும், ஆனால் எந்த நேரமும் சிவப்பு விழுந்து கார் மோதிவிடலாம். தனியாக ஆடியபோது பதின்வயதினரும் பெரியவர்களும் எடுத்த ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் நண்பர்களை உட்கார வைத்ததும் கதை மாறியது. 13 முதல் 16 வயதினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 18 முதல் 22 வயதினரிடம் அது பாதியளவு கூடியது. 24-ஐக் கடந்தவர்களிடம் மாற்றமே இல்லை.

அதே ஸ்டைன்பெர்க் 2011-இல், ஜேசன் செய்ன் தலைமையிலான குழுவோடு, இப்படியொரு கார் விளையாட்டை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஆட வைத்துப் பார்த்தார். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், பதின்வயதினரின் மூளையில் வெகுமதியை எதிர்பார்த்துத் துள்ளும் பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. பெரியவர்களிடம் அந்தத் துள்ளல் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புகளுக்குள் நான்கைந்து கம்ப்யூட்டர், அத்தனையிலும் கவுண்டர்-ஸ்ட்ரைக். காசு கொடுத்து ஆடுகிறவன் ஒருவன் என்றால், காசில்லாமல் நாற்காலிக்குப் பின்னால் நின்று "டேய், மேல பாரு, மேல பாரு" என்று கத்துகிறவர்கள் மூன்று பேர். நாங்கள் ரசித்தது கேமையா, பின்னால் நின்றவனின் கூச்சலையா? இன்று அதே கேமை இரவு பதினொரு மணிக்கு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீடு தூங்கிய பிறகு ஆடினால் சப்பென்று இருப்பதில் என்ன ஆச்சரியம்? கேம் அதேதான். பின்னால்தான் ஆள் இல்லை.

இதோடு நேரப் பஞ்சமும் சேர்ந்துகொள்கிறது. நூறு பேர் குதித்து ஒருவர் மிஞ்சும் பப்ஜி போன்ற ஆட்டம் அரை மணி நேரம் வரை இழுக்கும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தாலும் சரி, குழந்தை எழுந்து அழுதாலும் சரி. நடுவயதுக்காரரின் ரசனை என்று நாம் சொல்வதில் பாதி, நிறுத்தி வைக்கும் பொத்தானின் மீதுள்ள காதல் என்பேன். எரிக் பரோன் என்ற தனி மனிதர் உருவாக்கி 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் பழைய பண்ணையில் விதைக்கலாம், மாடு வளர்க்கலாம், மீன் பிடிக்கலாம். விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். தனியாக ஆடும்போது நினைத்த இடத்தில் நிறுத்தலாம், யாரும் உங்களைச் சுட வரமாட்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இந்த ரசனை மாற்றத்தை வேறு கோணத்தில் விளக்க உதவுவார். எதிரே நிறையக் காலம் இருப்பதாக உணர்கிறவர்கள் புதியதைத் தேடி அலைகிறார்கள். காலம் குறுகுவதாக உணர்கிறவர்கள் இப்போதே மனநிறைவு தருவதைத் தேர்கிறார்கள் என்பது அவர் கோட்பாடு. அவர் வீடியோ கேமை மனதில் வைத்துச் சொல்லவில்லை. பொருத்திப் பார்ப்பது நான்தான்.

இந்தக் கணக்குகளில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. நிக் யீயின் குழு ஒரே ஆளை முப்பது வருடம் பின்தொடரவில்லை. ஒரே காலத்தில் வாழும் வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டது. இன்றைய ஐம்பது வயதுக்காரர் சிறுவனாக இருந்தபோது முன்பின் தெரியாதவரோடு ஆன்லைனில் மோதும் வசதி பரவலாக இல்லை. அவருக்குப் போட்டி பிடிக்காதது வயதாலா, வளர்ந்த விதத்தாலா? இன்று ஃப்ரீ ஃபயரில் வளரும் பிள்ளைகள் ஐம்பதைத் தொடும்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

அதுவரை ஜப்பானின் ஹமாகோ மோரி எல்லா வரைபடங்களுக்கும் வெளியே உட்கார்ந்திருப்பார். 1930-இல் பிறந்தவர். முதல் கேம் கருவியை வாங்கியது 1981-இல், 51 வயதில். 2020-இல் உலகின் மிக வயதான கேமிங் யூடியூபர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. தொண்ணூறு வயதுப் பாட்டி பண்ணையில் கத்தரிக்காய் வளர்க்கவில்லை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5'-இல் கார் திருடிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் பழைய 'ரோட் ராஷ்' கேமைத் தேடிப் பிடித்து லேப்டாப்பில் ஏற்றினேன். பைக் பந்தயம், பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடித்துத் தள்ளலாம். இரண்டு நாள் தனியாக ஓட்டினேன். எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கி, வளைவில் வேகம் குறைத்து, ஏதோ எல்எல்ஆர் எடுத்தவன் மாதிரி. மூன்றாம் நாள் அக்கா மகன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் மாமா இவ்ளோ மெதுவா போறீங்க?" என்றான்.

ஆள் பார்த்தால் துணிவது 24-ஐக் கடந்தவர்களுக்கு நடக்காது என்றுதான் அந்தக் கார் ஆய்வு சொல்கிறது. நான் முழு வேகத்தில் முறுக்கிக்கொண்டு போய் எதிரே வந்த காரில் மோதினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னொரு தடவை" என்றேன்.