கூலியாளா, கொத்தடிமையா? கண்டால் என்ன செய்வது?

ஆள்கடத்தல் என்றதும் யாரையோ வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டு போவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அது ஒரு முன்பணத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவச் செலவுக்கு வாங்கிய சில ஆயிரங்களுக்காக ஒரு குடும்பமே செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ ஆண்டுக்கணக்கில் முடங்கிப்போகிறது. தரகர் அழைத்துவந்த சிறுவன், நாம் சாப்பிடும் ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறான்.

கவனிக்க வேண்டியவை:

• வேலையிடத்திலேயே தங்கவைத்து, தனியே வெளியே விடாதது.
• ஆதார் அட்டையையும் செல்போனையும் முதலாளியோ தரகரோ வைத்திருப்பது.
• தொழிலாளியிடம் கேட்டால் வேறொருவர் பதில் சொல்வது.
• கூலி கேட்டால், 'கடனில் கழிகிறது' என்பது.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யார் மீதும் பழி சொல்லக் கூடாது. பல சேர்ந்திருந்தால் சும்மா இருக்கவும் கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கடையில் கூலிக்கு வைத்திருந்தால் அதுவே குற்றம்.

கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. அந்தக் கடனும் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நன்மை செய்யப்போய் நாம் கெடுத்துவிடக் கூடாது. முதலாளியிடம் நேரில் கேட்டாலோ, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினாலோ, அதிகாரிகள் வருமுன் அவர்களை இரவோடிரவாக வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அடி வாங்குவதும் அவர்கள்தாம். எனவே இடம், ஆட்களின் எண்ணிக்கை, வண்டி எண் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு தகவல் சொல்லுங்கள். பிள்ளைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தடிமை என்று சந்தேகித்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவிப்பது முக்கியம். அவர்கள் தரும் விடுதலைச் சான்றிதழே கடன் ஒழிந்ததற்கும் மறுவாழ்வு உதவிக்கும் ஆதாரம். அது இல்லாமல் ஊர் திரும்புகிறவரை அதே தரகர் மறுபடியும் தேடி வருவார்.

'நம் ஜமாஅத்காரர் கடையாயிற்றே' என்ற தயக்கம் வரலாம். மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்கும் மூவரில், சுதந்திரமான மனிதனை விற்றவனும், வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனும் உண்டு என்று புகாரியில் பதிவான ஹதீஸ் எச்சரிக்கிறது. அந்தக் கடைக்காரர் மீது நமக்கு அக்கறை இருந்தாலும் மறைப்பது அவருக்குச் செய்யும் உதவியாகாது.