வெள்ளித் தோல் போர்த்த விமானம்

கவரிங் நகையை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முலாம் போய் உள்ளே இருக்கும் செம்பு பல்லை இளித்துவிடும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரத்துக் கொட்டகை ஒன்றில் நிற்கும் விமானத்தைத் துலக்குகிறவர்களுக்கும் இதே கவலைதான். அந்த விமானத்தின் இறக்கை நீளம் 43 மீட்டர்.

அது ஒரு பி-29 ரகக் குண்டுவீச்சு விமானம்; பெயர் டாக். இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்ட 3,970 பி-29 விமானங்களில் 1,644 விச்சிட்டாவின் போயிங் ஆலையிலிருந்து வந்தவை. டாக்கும் அங்கேதான் பிறந்தது. 1945 மார்ச்சில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டாலும் அது போர்முனைக்குப் போகவில்லை. போருக்குப் பிறகு ரேடார் கருவிகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்தது. அதற்கும் அதன் கூட்டாளி விமானங்களுக்கும் ஸ்னோ ஒயிட் கதையில் வரும் குள்ளர்களின் பெயர்களை வைத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் டாக்.

1956-இல் ஓய்வு கொடுத்து மொஹாவி பாலைவனத்தில் நிறுத்தினார்கள். கடற்படையின் குண்டுப் பயிற்சிக்கு இலக்காக, 42 ஆண்டுகள் அங்கே கிடந்தது. 1987-இல் டோனி மசோலினி என்பவர் அதைக் கண்டு, மீட்டே தீருவது என்று முனைந்தார். அனுமதி பெற்று வெளியே இழுத்துவர 1998 ஆகிவிட்டது. 2000-இல் பாகம் பாகமாகப் பிரித்து லாரிகளில் ஏற்றி, பிறந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். விமான ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் முன்னாள் படைவீரர்களும் ஊர்க்காரர்களும் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள். 2016 ஜூலை 17 அன்று டாக் மறுபடி பறந்தது.

பாலைவனத்தில் அத்தனை காலம் கிடந்தும் அது எப்படி மட்கிப் போகவில்லை? வறண்ட காற்று ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் தோல்.

சுத்த அலுமினியம் எளிதில் அரிக்காது. காற்று பட்டதும் அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, உலோகத்தை மூடிக் காக்கும். மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே அலுமினிய ஆக்சைடுதான். ஆனால் சுத்த அலுமினியம் மென்மையானது. விமானம் கட்ட உதவாது. செம்பு கலந்தால் வலு வரும், கூடவே அரிப்பும் வரும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி அருமையானது. செம்பு கலந்த வலுவான தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய ஏடாக ஒட்டி உருட்டினார்கள். அதற்கு ஆல்கிளாட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் பக்கத்துக்கு ஐந்து சதவீதம் அளவுக்கே இந்த ஏடு இருக்கும்; தலைமயிரின் பருமன்கூட வராது. எங்காவது கீறல் விழுந்தால், ஏடு முதலில் தான் அரிபட்டு உள்ளே இருக்கும் கலவையைக் காக்கும்.

இனி மெருகேற்றும் வேலைக்கு வருவோம். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் இந்த ஏட்டில் துளி குறைகிறது. துணியில் ஒட்டிவரும் கறுப்பு, விமானத்தின் தோலேதான். அதனால் வேலை அவசரம் இல்லாமல் நடக்கிறது. முதலில் சோப்பு நீரால் கழுவி மணல் துகள்களை நீக்க வேண்டும். ஒரு துகள் சிக்கினாலும் நீளக் கோடு விழும். பிறகு சற்றுச் சொரசொரப்பான பசையைத் தடவிச் சுழல் மெஷினால் தேய்ப்பார்கள். அடுத்தது நைஸான பசை, கடைசியில் மெத்தென்ற துணி. மெஷினை ஓரிடத்திலேயே நிறுத்தினால் தகடு சூடேறி நெளியும். ரிவெட் தலைகளின் மேல் அழுத்தினால் அவை மழுங்கும். இடுக்குகளில் படிந்த பசையை எடுக்க மாவு தூவித் துடைப்பவர்களும் உண்டு. இரும்பு நாரைத் தொடவே கூடாது. அதன் தூள் அலுமினியத்தில் பதிந்தால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும்.

ஏடு மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. காஸ்டிக் சோடாக் கரைசலை ஒரு சொட்டு வைத்தால் சுத்த அலுமினியம் வெளுப்பாகவே இருக்கும். செம்புக் கலவை கறுத்துவிடும். பார்த்த கையோடு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இப்படித் தேய்மானம் தரும் வேலையைப் பேசாமல் விட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தால் என்ன? அடிக்கலாம்தான். ஆனால் 1944 முதல் அமெரிக்கப் படை தன் விமானங்களைப் பெயின்ட் இல்லாமலே அனுப்பியது. எடை குறைந்தது, வேகம் கூடியது, ஆலையில் நேரம் மிச்சமானது. வெள்ளித் தோல்தான் டாக்கின் உண்மைத் தோற்றம். அதைவிட முக்கியம், துலக்கும் கை ஒவ்வொரு அங்குலத்தையும் தொடுகிறது. ஆடும் ரிவெட், மயிரிழை விரிசல், அரிப்பால் உப்பிய தகடு எல்லாம் அந்தக் கைக்குத்தான் முதலில் தட்டுப்படும். இதைப் பளபளப்பு வேலை என்று மட்டும் சொல்வது தவறு, இது பரிசோதனையும்தான்.

போர்க்காலத்தில் விச்சிட்டா ஆலையில் இதே ரகத்துக்கு ரிவெட் அடித்த பெண் ஒருவர், முதுமையில் டாக்கின் தன்னார்வலராகத் திரும்பி வந்தார். அந்நாளில் பறந்தவர்களும் தேடி வந்தார்கள். குண்டு அறைகளுக்கு மேலே ஊர்ந்து போன குழாய்ப் பாதையும் துப்பாக்கி வீரர் உட்கார்ந்த கண்ணாடிக் குமிழும் அப்படியே இருக்கின்றன. தான் இருந்த இடம் இதுதான் என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட, படத்தைவிட இது மேல்.

இந்த ரக விமானங்கள்தான் டோக்கியோவைத் தீக்கிரையாக்கின. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்டன. எத்தனை துலக்கினாலும் அந்த வரலாறு அழியாது, அழியவும் கூடாது. கட்டியவர்களையும் பறந்தவர்களையும் போற்றுகிற இடத்தில் மாண்டவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும் என்பதே என் எண்ணம்.

தமிழருக்கும் இந்த விமானம் அந்நியமில்லை. 1944 ஆகஸ்ட் 10 அன்று, திருகோணமலைக்கு அருகே சீனக்குடா விமானதளத்திலிருந்து 50-க்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் புறப்பட்டன. போய்த் திரும்ப 6,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அவற்றுக்காகவே அங்கே ஓடுபாதையை நீட்டியிருந்தார்கள். அந்த இரைச்சலைக் கேட்ட முதியவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.